அமெரிக்கப் பள்ளி நிதி: ஒரு சின்னத் திருத்தம்

மேலே ஒரு நண்பர், அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு வாஷிங்டன்தான் பணம் தருகிறது, அதனால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே தொகைதான் என்று எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லைங்க. மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்று அளவுதான். மீதி மாநிலமும் உள்ளூரும் போடுவது, உள்ளூர்ப் பணத்தில் பெரும்பகுதி வீடு, மனைகள் மீதான சொத்து வரி.

1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன, டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ பள்ளி நிதி வழக்கையே பாருங்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளி மாவட்டங்களில், ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி, வசதியான அலமோ ஹைட்ஸில் வெறும் 0.85. ஆனாலும் 1967-68-இல் ஒரு மாணவருக்கு எல்லாம் சேர்த்துக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்களுக்குத்தான் குறைவு! நீதிமன்றமோ இந்த நிதி முறை அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று 5-4 கணக்கில் சொல்லிவிட்டது.

பழைய கணக்குதான், டெக்சாஸ் விதிகள் அப்புறம் மாறிவிட்டன. இன்றைய நிலவரம் வேண்டுமானால் அமெரிக்க தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் ஏதாவது ஒரு பள்ளி மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், வருவாயை மத்திய, மாநில, உள்ளூர் என்று பிரித்தே காட்டும். பக்கத்து மாவட்டத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.