170 சதுர கிலோமீட்டர், ஒரேயொரு குடில்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் மகன், யூலைக் கடைசியில் என்னோடு இரண்டு நாள் மலையில் நடந்துவிட்டு வந்து, சூரிச்சில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இவ்வளவு பெரிய பூங்காவுக்குள்ள நடந்து போய்ப் படுக்கிறதுக்கு ஒரேயொரு குடில்தானா? இன்னும் நாலைஞ்சு கட்டினா என்ன குறைஞ்சு போகும்?" அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாக இருக்கவில்லை. இதே கேள்வியை வெவ்வேறு விதமாக நண்பர்கள் சிலரும் கேட்டிருப்பதால், ஆறுதலாக யோசித்து இங்கே எழுதுகிறேன். ஒரு குடில் போதும் என்பதே என் கட்சி.

நாங்கள் போனது சுவிஸ் தேசியப் பூங்காவுக்கு. நாட்டின் தென்கிழக்கு மூலையில், கிரவுபுண்டன் மாநிலத்தின் எங்கடீன் பள்ளத்தாக்கை ஒட்டி, சுமார் 170 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் இது, 1914 ஓகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது. அல்ப்ஸ் மலைத்தொடரின் முதலாவது தேசியப் பூங்கா இதுதான். ஐரோப்பா முதலாம் உலகப் போருக்குள் இறங்கிய அதே நாட்களில், இங்கே சிலர் ஒரு காட்டை அதன் பாட்டில் விட்டுவிடுவதற்கென்றே ஒரு பூங்காவைத் திறந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். பூங்கா என்றதும் நம் ஆட்களுக்கு ஊஞ்சலும் இருக்கைகளும் நினைவுக்கு வரக்கூடும். இங்கே சட்டம் மிகக் கடுமையானது. குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. பூ, கல், காளான், மான் உதிர்த்த கொம்பு என எதையும் எடுக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் கட்டிக்கூடக் கொண்டுபோக முடியாது. சைக்கிள், கூடாரம், நெருப்பு எதற்கும் அனுமதி இல்லை. குளிர்காலத்தில் மனிதர் உள்ளே போவதற்கே தடை. இரவு தங்குவதென்றால் இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று பெருந்தெருவோரம் இருக்கும் இல் ஃபூர்ன் விடுதி. மற்றது, செர்நெட்ஸ் கிராமத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடந்து மட்டுமே போய்ச் சேரக்கூடிய, 1882 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளுவோட்சா மரக்குடில். அந்தப் பகுதியின் ரொமான்ஷ் மொழியில் அதற்குச் 'சமன்னா குளுவோட்சா' என்று பெயர்; சமன்னா என்றால் குடில்.

அந்தக் குடில் பூங்காவைவிட நான்கு வயது மூத்தது. 1909 இல், இப்படியொரு காப்பகத்துக்குப் பணம் சேர்ப்பதற்கென்றே ஒரு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆளுக்கு வருடம் ஒரு பிராங் சந்தா. இன்று புரோ நத்துரா என்று எல்லோரும் அறிந்திருக்கும் அமைப்பு அதுதான். அரசாங்கம் முடிவெடுக்கும் வரை காத்திராமல், குளுவோட்சா பள்ளத்தாக்கை செர்நெட்ஸ் கிராமத்திடமிருந்து 25 வருடக் குத்தகைக்கு எடுத்து, 1910 இல் குடிலையும் எழுப்பினார்கள். இன்றைக்கும் அந்த நிலம் கிராமங்களுக்கே சொந்தம். மத்திய அரசு அதற்காக வருடாவருடம் பணம் கொடுத்து வருகிறது. பூங்காவைச் சுற்றி ஒரு வெளிவலயம் சேர்த்துப் பெரிதாக்கும் திட்டத்தை 2000 ஆம் ஆண்டில் செர்நெட்ஸ் மக்கள் வாக்களித்து நிராகரித்தபோது, அத்தோடு அது நின்றுபோனது. ஆக, நாட்டின் ஒரே தேசியப் பூங்காவில் அரசாங்கமே வாடகைக்குத்தான் இருக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் சுவரில் உள்ள ஆணித் துளைகளை எண்ணிப் பார்க்கும் சுவிஸ் வழக்கத்தை அனுபவித்த எவருக்கும், வாடகை வீட்டில் புதிய அறை கட்டும் யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மருமகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு விஷயம், அவன் பாதையில் கண்டு முகம் சுளித்த விழுந்த மரங்களைப் பற்றியது. "ஏன் இதையெல்லாம் துப்புரவாக்காமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். இது மனிதக் கை படாத காடாக ஒருபோதும் இருந்ததில்லை. இல் ஃபூர்ன் என்ற பெயருக்கே உலை என்பதுதான் பொருள். பல நூற்றாண்டுகள் இங்கே இரும்பு உருக்கினார்கள். அந்த உலைகளுக்கும், தீரோலில் உள்ள ஹால் என்ற ஊரின் உப்பு ஆலைகளுக்கும் மலைச்சரிவுகளை மொட்டையடித்து மரம் போனது. இன்று நாம் பார்க்கும் மலைப் பைன் காடுகளில் பெரும்பகுதி அந்த மொட்டைச் சரிவுகளில் தானாக முளைத்து எழுந்தவை. நூறு வருடங்களுக்கு மேலாக யாரும் வெட்டவில்லை, யாரும் நடவில்லை. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடந்து உக்குகிறது. அதில் பூச்சியும் பூஞ்சணமும் குடியேறுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் தலையிடாமல் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

விலங்குகளின் கதை இதைவிடச் சுவையானது. ஐபெக்ஸ் என்னும் மலையாடு சுவிஸில் வேட்டையாடி முற்றாக அழிக்கப்பட்டிருந்தது. எஞ்சியவை இத்தாலியில் கிரான் பரதீசோ மலையில், அரசரின் வேட்டைக் காட்டில் மட்டும் இருந்தன. அரசர் விற்க மறுத்தார். 1906 இல் அங்கிருந்து குட்டிகளைக் கள்ளமாக எல்லை கடத்திக் கொண்டுவந்து, சென் காலன் நகரத்து விலங்குக் காப்பகத்தில் வளர்த்துப் பெருக்கினார்கள். அந்த வம்சம் 1920 இல் இந்தப் பூங்காவுக்குள் விடப்பட்டது. தாடிக் கழுகுகள் 1991 இலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டன. (எல்லை கடந்து கள்ளமாக வந்தவர்களின் வம்சம் நாட்டின் பெருமைச் சின்னமாவது நமக்கு ஏனோ சற்றுக் கூடுதலாகவே பிடித்துப்போகிறது.)

இனி அந்த இரவு. வாசலில் சப்பாத்துகளைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, குடிலின் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். படுப்பது அடுத்தடுத்து விரித்த மெத்தைகளில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே. மெல்லிய உள்ளுறைப் பையை நாமே கொண்டுபோக வேண்டும், போர்வை அங்கே கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே நேரம், எல்லோருக்கும் ஒரே உணவு. சூப்பில் தொடங்கி, நீள மேசையில் பாத்திரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரிமாறிக்கொள்கிறோம். எதிரே இருந்த பாசல் நகரத்து வயோதிபத் தம்பதியினர் தாங்கள் முதல் தடவை இங்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைத்திருந்தால் அந்தக் கதையை நான் கேட்டிருக்க மாட்டேன். பத்து மணிக்கு விளக்கணைப்பு. யாரோ குறட்டை விட்டார்கள். நானாக இருக்கலாம் என்று மருமகன் சொல்கிறான். விடியப்புறம் வெளியே வந்து நின்றபோது, எதிர்ச் சரிவில் செம்மான்கள் மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தோம்.

அந்தக் காட்சிதான் என் வாதம். பகலில் வருபவர்களில் அநேகமானோர் மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதன்பின் பள்ளத்தாக்கில் எஞ்சுவது அந்த ஒரு குடிலில் அடங்கக்கூடிய ஆட்கள் மட்டும். படுக்கைகளின் எண்ணிக்கையே இங்கே மதகு. ஒவ்வொரு படுக்கையும் ஒரு தட்டுச் சூப், ஒரு முறை மலசலகூடப் பாவனை, கீழிருந்து மேலே ஏற்றவும் மேலிருந்து கீழே இறக்கவும் வேண்டிய இத்தனை கிலோ சுமை என்று கணக்காகிறது. தெருவில்லாத மலையில் அந்தச் சுமைக்கு ஹெலிகொப்டர்தான் வழி. குடில்கள் ஐந்தானால் அந்தச் சத்தமும் ஐந்து பள்ளத்தாக்குகளில் எழும், ஐந்து இடங்களில் கழிவு சேரும். அத்தோடு, குடிலிலிருந்து குடிலுக்கு நடக்கும் பலநாள் பயணங்கள் தொடங்கும். விலங்குகளுக்கு ஆளில்லாத மாலை என்று ஒன்று மிஞ்சாது.

குடில்கள் வசதியாகக் கூடாது என்று பொதுவாக நான் சொல்ல வரவில்லை. 1863 இல் தொடங்கிய சுவிஸ் அல்ப்ஸ் கழகத்திடம் இன்று ஏறக்குறைய 150 குடில்கள் இருக்கின்றன. 2009 இல் மொன்டே ரோசா பனிப்பாறைகளுக்கு மேலே எழுந்த, வெள்ளிப் படிகம் போன்ற புதிய குடிலை நானும் வாய்பிளந்து பார்த்தவன்தான். மலையேறுபவர்களுக்கு அங்கெல்லாம் அவை தேவை. காப்பகத்தின் கணக்கு வேறு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இடம் குறைவாக இருக்கும்போது, விடுமுறையை மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிட முடிந்தவர்களுக்கே படுக்கை கிடைக்கிறது. உணவகத்தில் வேலை நேர அட்டவணை வரும் வரை காத்திருக்கும் நம்மவர்களுக்கு இது எளிதல்ல. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வார நாட்களில் இடம் கிடைப்பது ஓரளவு சுலபம் என்று மட்டும் சொல்லலாம்.

ஆனால் இருக்கிற இடத்தையும் வீணாக்குவது நம் கையில்தான் இருக்கிறது. இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், வானிலை பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நினைப்பில், ஒரே வார இறுதிக்கு இரண்டு மலைக்குடில்களில் இடம் பதிந்தேன். ஒன்றுக்குப் போனேன், மற்றதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை அங்கிருந்து தொலைபேசி வந்தது. குடிலின் பொறுப்பாளர் பணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. இருட்டிய பின்னும் நாங்கள் வந்து சேராததால், பாதையில் ஏதும் நடந்துவிட்டதோ என்று விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். விடுதியில் வராத விருந்தாளி வெறும் நட்டக்கணக்கு. மலையில் அவர் காணாமல் போனவர். அதன் பிறகு இரண்டு இடத்தில் பதியும் வேலையை நான் செய்ததில்லை.

நம் வீடுகளுக்கு விருந்தினர் வந்தால் தித்லிஸ், யுங்ஃபிராவ் என்று அழைத்துப் போகிறோம். சுழலும் கம்பிவண்டியில் ஏறி, பனியில் நின்று படமெடுத்து, கொண்டுபோன புளிச்சாதத்தைக் காருக்குள் வைத்துச் சாப்பிட்டு, மாலைக்குள் வீடு திரும்புகிறோம். அதில் ஒரு குறையும் இல்லை. என் அம்மாவால் வேறெப்படியும் யுங்ஃபிராயோக் ரயில் நிலையத்தின் 3454 மீட்டர் உயரத்துக்குப் போயிருக்க முடியாது. நடக்கக் கால் உள்ளவர்கள் ஒரு தடவையாவது குளுவோட்சாவுக்குப் போய் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். குடில் கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மட்டுமே திறந்திருக்கும். மறுநாள் வந்த வழியே திரும்பாமல், முர்டேர் கணவாயைத் தாண்டி ஸ்புல் ஆற்றங்கரைக்கு இறங்கினால், பெருந்தெருவில் மஞ்சள் தபால் பஸ் வரும். ஏற்றம் கடுமையானது, ஆனால் மேலே மார்மொட் என்னும் பெரிய தரையணில்கள் விசிலடித்து வரவேற்கும். பாதையில் எதிர்ப்படுபவர்கள் 'அலேக்ரா' என்பார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

செம்மான்கள் துணை தேடிக் குரலெழுப்பும் செப்டெம்பர் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பேருக்கு இடம் பதிந்திருக்கிறேன். மருமகன் அதற்குள் கனடா திரும்பிவிடுவான். அவனுடைய இடத்தில் அக்கா வருகிறாள். மூன்று மணி நேரம் நடப்பாளா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குறட்டைச் சத்தத்தில் எப்படித் தூங்குவது என்பது மட்டுமே அவளுடைய கவலை.