தொட்டுக்க என்ன?

2024 தீபாவளிக்கு பேன்ட் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் என் வயிற்றைச் சுற்றி டேப்பை இழுத்துவிட்டு, "40 வருது சார், கொஞ்சம் லூசாவே வச்சிடுறேன்" என்றார். நல்ல மனுஷன். 40 அங்குலம் என்றால் 101 சென்டிமீட்டருக்கு மேல். நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே தொப்பைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது எடை 86 கிலோ.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருஷம் முழுக்க நான் சிறுதானியப் பக்தன். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, ஞாபகம் இருக்கும். வீட்டில் வரகு, சாமை, குதிரைவாலி என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கினோம். குதிரைவாலிப் பொங்கல், அதன் தலையில் நெய், முந்திரி. எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. எப்படி இறங்கும்? அரிசிச் சோறு மலையாக இருந்த தட்டில் இப்போது வரகுச் சோறு மலையாக இருந்தது, அவ்வளவுதான். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் சிறுதானியங்களும் கிட்டத்தட்ட அந்தப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) நாடு முழுக்க நடத்தும் இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வுக்காரர்களும் 2025-இல் இதையேதான் சொன்னார்கள். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மட்டும் மாற்றினால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லையாம்.

சரி, அப்படியானால் எங்கே தப்பு? என்னைக் கேட்டால், நாம் பேசும் பேச்சிலேயே இருக்கிறது. "தொட்டுக்க என்ன?" என்று கேட்கிறோம். காய் நமக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள். சாப்பாடு என்றால் சோறு. மத்தியானம் நாலு இட்லி சாப்பிட்டவனைக் கேட்டால், "இன்னும் சாப்பிடல, டிபன்தான்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் என் தட்டை வைத்தேன். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. மூன்றும் சேர்த்து 420 கிராம் சோறு. பக்கத்தில் பீன்ஸ் பொரியல், தேங்காய்ப்பூ உட்பட 50 கிராம். நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் வேறென்ன வரும்? ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. என் டிபன் பாக்ஸ் செட்டைப் பாருங்கள்: சோற்றுக்குப் பெரிய டப்பா, பொரியலுக்கு உள்ளங்கையில் அடங்கும் குட்டி டப்பா. செய்தவனுக்கே நம் மனசு தெரிந்திருக்கிறது.

நான் செய்தது ஒன்றுதான். டப்பாவை மாற்றினேன். பெரியதில் பொரியலோ கூட்டோ, கூடவே சுண்டலோ அவித்த முட்டையோ. குட்டியில் சோறு, ரசத்துக்கு மட்டும். சாம்பாரில் இருக்கும் காயைக் கரண்டியால் அள்ளித் தின்றுவிடுவேன். மோரைக் குடித்துவிடுவேன். (உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் வராது. நானும் ஒரு வாரம் ஏமாற்றிப் பார்த்தேன்.) காய் இரண்டு மடங்கானதும் எண்ணெயும் இரண்டு மடங்காகிவிடக் கூடாது. மூடி போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேக வைத்தால் போதும். முதல் பத்து நாள் நாலு மணிக்கே பசித்தது. சுண்டலைக் கொஞ்சம் கூட்டியதும் அடங்கியது.

சொல்வது சுலபம், அரிவது யார்? முக்கால் கிலோ அவரைக்காயை நாரெடுத்து அரிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரம் மனைவி செய்தாள். இரண்டாவது வாரம், "உங்க தொப்பைக்கு நான் ஏன் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்?" என்றாள். பதில் இல்லை. இப்போது ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே நான்தான் அரிகிறேன். ஆண்கள் எழுதும் டயட் பதிவுகளில் இந்த அரிவாள்மனை மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

காசு விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பீன்ஸ் இலவசம் இல்லை. சோற்றால் வயிற்றை நிரப்புகிறவர்களைப் பார்த்து "கார்ப்ஸைக் குறைங்க" என்று உபதேசம் செய்வதற்கு முன்னால் சந்தைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எங்கள் வீட்டிலும் பீன்ஸ் விலை ஏறினால் முட்டைக்கோஸ், சுரைக்காய், கீரைதான்.

பதினான்கு மாதத்தில் 86 கிலோ 79 ஆகியிருக்கிறது. இடுப்பு 37 அங்குலம். இன்னும் 90 சென்டிமீட்டருக்குள் வரவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நேற்று என் தட்டில் புடலங்காய்க் கூட்டை நிரப்பிவிட்டு, சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "தொட்டுக்கக் கொஞ்சம் சோறு வைக்கட்டுமாடா?"