தோற்ற தேர்வை மறுபடி எழுதப் போகிற தாதியருக்கு

அமெரிக்கத் தாதியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் நான் தோற்றுவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதவே மூன்று வாரம் ஆனது. அதுவரை அம்மாவிடம்கூட "ரிசல்ட் இன்னும் வரலம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் பதினோரு வருடம் வார்டில் நின்றவள் எப்படித் தோற்றாள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கடைசியில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மறுபடி எழுத எவ்வளவு வெள்ளி கட்டணும்?"

85-ஆவது கேள்வியோடு திரை நின்றது. இந்தத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. சீக்கிரம் நின்றால் பாஸ்தான் என்று தோழிகள் சொல்லியிருந்ததால் சந்தோஷமாகத்தான் எழுந்து வந்தேன். அப்படியில்லை. நாம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். மேலே இருப்பவருக்கும் 85-இல் நிற்கலாம், கீழே இருப்பவருக்கும் 85-இல் நிற்கலாம்.

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். பகுதி பகுதியாக, தேர்ச்சி நிலைக்கு மேலே, அருகில், கீழே என்று போட்டிருக்கும். அதைத் திறந்து பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. பார்த்தால், மருந்துகள் 'அருகில்'. பராமரிப்பு நிர்வாகம், அதாவது யாரை முதலில் பார்ப்பது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்ற பகுதி, 'கீழே'. அதிகக் கேள்விகள் வருவதே அந்தப் பகுதியிலிருந்துதான்.

கேட்டவர்கள் எல்லாரும் "இன்னும் நல்லாப் படி" என்றார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் தோற்கிறவர்களுக்கு அந்த யோசனை உதவாது என்பதுதான் என் கருத்து. நமக்குப் படிப்பு குறைவில்லை. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் வார்டுப் பழக்கம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறது.

தேர்வில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது. பயிற்சிக் கேள்வி ஒன்றையே சொல்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி இப்போதுதான் வார்டுக்கு வருகிறார், உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, உதவியாளரிடம் எதை ஒப்படைப்பீர்கள்? எங்கள் வார்டில் உதவியாளராக இருக்கும் பிபிகே அக்கா நோயாளியின் முகத்தைப் பார்த்தே "சிஸ்டர், இவருக்கு என்னமோ சரியில்லை" என்பார்; பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த நம்பிக்கையில் "போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்" என்ற பதிலைத் தொட்டேன். தவறு. நிலையாக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, இரத்த அழுத்தம் எடுப்பது, இதையெல்லாம் ஒப்படைக்கலாம். முதல் மதிப்பீடு, நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது, முடிவெடுப்பது ஆகியவை பதிவு பெற்ற தாதியின் கையை விட்டுப் போகவே கூடாது.

மூச்சுத் திணறலும் அப்படித்தான். ராத்திரி ஷிஃப்டில் நம் கை உடனே எம்ஓ-வுக்கு, அதாவது பணியிலிருக்கும் டாக்டருக்கு, போன் போடப் போகும். தேர்விலோ முதலில் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். நாமே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு அப்புறம்தான் போன்.

இன்னொன்று, மருந்துப் பெயர்கள். நம் சால்பியூட்டமால் அமெரிக்காவில் அல்பியூட்டரால். பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின். பயிற்சிப் புத்தகங்களில் இரத்தச் சர்க்கரையும் மில்லிகிராமில்தான் இருக்கிறது. நம் 4 மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் 72. அக்கா மகனின் பழைய பள்ளி நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'நம்ம வார்டு', வலப்பக்கம் 'தேர்வு' என்று எழுதி வருகிறேன். தவறாகப் போன ஒவ்வொரு பயிற்சிக் கேள்வியும் அதில் ஏறுகிறது. வலப்பக்கத்தில் விடை எண்ணை எழுதுவதில்லை, ஏன் அது சரி என்பதை மட்டும் என் சொந்தத் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுத வரவில்லை என்றால் எனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இருபது கேள்விக்கு மேல் போவதில்லை.

மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் 200 அமெரிக்க டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னும் 150. மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டால் வயிறு கலங்குகிறது. அதனால்தான் 45 நாள் முடிந்த மறுநாளே தேதி போட வேண்டாம் என்கிறேன். அந்த நோட்டில் ஒரே தவறு இரண்டாம் முறை ஏறாமல் இருக்கும் வாரம் வரட்டும், அப்புறம் பணம் கட்டலாம். எனக்கு அந்த வாரம் இன்னும் வரவில்லை.

ஞாயிறு காலை பசியாறிவிட்டு நாங்கள் மூன்று பேர் செந்தூலில் என் வீட்டில் உட்கார்கிறோம். நீங்களும் இதே தேர்வில் தோற்று, வீட்டில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். வரும்போது அந்த அறிக்கையையும் எடுத்து வாருங்கள், அதிலிருந்துதான் தொடங்குவோம்.