நாற்பது விநாடிக் காணொளியில் தெரியாத ரப்பர் குழாய்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நம் முகநூல் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நாற்பது விநாடிக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை நான் இங்கே மறுபடியும் இணைக்கப் போவதில்லை. மலேசியாவின் ஜோகூரில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் என் சுஸுகி ஜிம்னி வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நிற்பதும், நான் முழங்கால் அளவுச் சேற்றில் நின்று இழுவைப் பட்டையை மாட்டுவதும், பின்னணியில் நான்கு பேர் சிரிப்பதும் அதில் இருக்கின்றன. அதற்கு "வீட்டு மெக்கானிக்கின் கைவண்ணம்" என்று தலைப்புக் கொடுத்த அன்பருக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது. இரண்டு நாள் ஒன்றும் எழுதாமல்தான் இருந்தேன். வேடிக்கைக்குப் போட்டது, பெரிதுபடுத்த வேண்டாம் என்று மூன்று பேர் தனித்தனியாகச் செய்தி அனுப்பிய பிறகுதான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். என்னுடையது 2008ஆம் ஆண்டு பதிவான, 1.3 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் கொண்ட மூன்றாம் தலைமுறை ஜிம்னி. அதில் பொத்தானை அழுத்தினால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களுக்கும் இழுவை போக வேண்டும். முன்சக்கரத்தை அச்சோடு பிணைப்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். அந்த ஹப்பைப் பூட்டுவது, இயந்திரம் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம், அதாவது வெற்றிட இழுப்பு. பென்சில் தடிமனில் இருக்கும் ரப்பர் குழாய்கள் வழியாக அந்த உறிஞ்சல் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. வழியில் எங்கே காற்று கசிந்தாலும் ஹப் பூட்டாது, டாஷ்போர்டு விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே அச்சு சுற்றும், வெளியே சக்கரத்துக்கு இழுவை வராது. காணொளியை இன்னொரு முறை பார்க்கும் பொறுமை உள்ளவர்கள், பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைப்பதையும் முன்சக்கரங்கள் சும்மா நிற்பதையும் காணலாம். கோளாறு எந்தப் பக்கம் என்று அந்தப் படமே சொல்கிறது. சிரித்த நால்வரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

இந்த விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது மூன்று மாதங்களுக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளை வண்டிக்கு அடியிலேயே கழிக்கிறேன் என்ற மனக்குறை என் மனைவிக்கு உண்டு என்பதால், இந்த ஒரு முறை நல்ல பிள்ளையாக வண்டியைப் பட்டறையில் விட்டேன். ஆம், பட்டறையில். வீட்டு மெக்கானிக்கின் கைவண்ணம் என்று நீங்கள் சிரித்தது, சான்றிதழ்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பட்டறையின் கைவண்ணம். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவரைப் பலர் முன்னால் நிறுத்திச் சிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு ஹப்புகளையும் அவற்றின் சீல்களையும் மாற்றிவிட்டு 1,180 சிங்கப்பூர் வெள்ளிக்கு ரசீது கொடுத்தார்கள். அன்று மாலை விளக்கு நிலையாக எரிந்தது. நானும் நம்பினேன்.

ஞாயிறு பிற்பகலில் அக்காள் வீட்டுப் போர்ச்சில் வண்டியை நிறுத்தி, பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்காள் மகனை உதவிக்கு வைத்துக்கொண்டு பார்த்தேன். கையால் அழுத்தும் ஒரு சிறிய வேக்குவம் பம்பு இருக்கிறது, முள் உள்ள மானியோடு ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். முதலில் அதை இடது ஹப்புக்குப் போகும் முனையில் மாட்டி உறிஞ்சினோம். ஏறிய முள் அசையாமல் நின்றது, கசிவு இல்லை. வலது பக்கமும் அப்படியே. ஆக ஹப்புகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பிறகு சக்கரத்திலிருந்து இயந்திரத்தை நோக்கி, ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் உறிஞ்சிக்கொண்டே வந்தோம். நான்காவது துண்டில் "மாமா, முள்ளு இறங்குது" என்றான். ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து, நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நேராக வைத்தால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் திறக்கிறது. பட்டறையில் வண்டியைத் தூக்கி இறக்கியபோது அது தற்காலிகமாக மூடிக்கொண்டிருக்க வேண்டும்; தோட்டத்து மேடு பள்ளத்தில் மறுபடியும் திறந்துகொண்டது. ஒரு சாண் குழாயும் இரண்டு கிளிப்புகளும் வாங்கியதில் நான்கு வெள்ளிகூட ஆகவில்லை.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் பாகத்தை மாற்ற வேண்டும். வீட்டில் செய்தாலும் சரி, பட்டறையில் செய்தாலும் சரி. பாகத்தை மாற்றிப் பார்த்துக் கோளாறைத் தேடுவது, சாவி எங்கே தொலைந்தது என்று தெரியாமல் வீட்டுக் கதவுகளை எல்லாம் உடைப்பதற்குச் சமம்.

பட்டறைக்காரர்களை நான் திட்டுவதாக உடனே ஒருவர் கிளம்புவார். திட்டவில்லை. அவர்களுடைய நிலையும் எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் குழாய் குழாயாகத் தேடிவிட்டு "தேடியதற்கு 150 வெள்ளி, குழாய்க்கு 4 வெள்ளி" என்று ரசீது கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்போம்? பளபளவென்று புதிய ஹப்பைக் காட்டினால் 1,180 வெள்ளியையும் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிறோம். தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்று ஆக்கி வைத்தவர்கள் நாம்தான். ஆனாலும் அந்த ஐம்பது வெள்ளிப் பம்பை அவர்கள் ஒரு முறையாவது எடுத்திருக்கலாம் என்பதை நான் விடப் போவதில்லை.

சரி, நீ மட்டும் தவறே செய்யாதவனா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினேன். கூடவே 205/70 அளவு டயரைக் கழற்றி 215/75 போட்டேன். டயரின் மொத்த விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 703 ஆகிறது. ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 84இல் போய்க்கொண்டிருக்கும் என்ற கணக்கை நான் டயர் போட்ட பிறகுதான் போட்டேன். அது கிடக்கட்டும். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமை நெருங்கி 90இல் போகும்போது சாலையில் ஒரு சின்ன ஒட்டு வந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. முன்சக்கரங்கள் இரண்டும் மாறி மாறி உதைத்துக்கொள்ளும் அந்த ஆட்டம் ஒரு முறை பிடித்துக்கொண்டால் வேகம் குறையும் வரை விடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதன் பிறகு குளுவாங் வரை என்னோடு பேசவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன்? தேடினேனா? இல்லை. ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரை மாற்றினேன். மூன்று வாரம் ஆட்டம் இல்லை, பிறகு மறுபடியும் வந்தது. டேம்பர் மாற்றுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது போன்றது. வாளி நிரம்பும் வரை வீடு நனையாது. உண்மையான காரணம் இரண்டு. ஒன்று, வண்டியை உயர்த்தியபோது முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வு மாறி, அச்சு முன்பக்கமாகத் திரும்பி, காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துவிட்டது; சக்கரம் தானாக நேர்க்கோட்டுக்குத் திரும்பி வரும் குணம் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. மற்றொன்று, முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பத் தாங்கும் கிங்பின் பேரிங்குகள் தேய்ந்திருந்தன. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தால் பேரிங்கின் தளர்ச்சி கைக்கே தெரிந்திருக்கும். பேரிங்கை மாற்றி, கோணத்தைச் சரிசெய்யும் புஷ்களைப் போட்டு, பழைய அளவு டயருக்கே திரும்பினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஆட்டம் இல்லை. ஆகவே என்னுடைய தவறும் அதே தவறுதான். தேடாமல் மாற்றினேன். என் தவறுக்கு நான் எனக்கே காணொளி எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு.

"பிரேக், ஸ்டியரிங் எல்லாம் உயிர் சம்பந்தப்பட்டவை, கற்றுக்குட்டிகள் தொடலாமா?" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். போல்ட்டுகளை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். தெரியாததைத் தொடக் கூடாது. இதை எல்லாம் நான் செய்கிறேன். மேலும் பத்து வயதைத் தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குப் போகிறது, அங்கே பிரேக்கை இயந்திரத்தில் வைத்தே பார்க்கிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

"வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரிப்பது விதிமீறல்" என்று ஞாபகப்படுத்தியவருக்கு: ஐயா, நான் ஈசூனில் நான்கறை வீட்டில் இருப்பவன். என் புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில் டயர் காற்றைப் பார்ப்பதற்கு மேல் எதையும் செய்ததில்லை. அக்காளும் அத்தானும் தரைவீட்டில் இருக்கிறார்கள், வேலை அவர்கள் போர்ச்சில்தான் நடக்கிறது. எண்ணெய் தரையில் சொட்டாமல் அட்டை விரிப்பதை அக்காளே மேற்பார்வையிடுவார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையில்லை, எதற்குத் தேவை, எது கூடவே கூடாது என்பதை நான் படித்திருக்கிறேன். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது என்ற விதியை எனக்கு எடுத்துச் சொன்னவரின் சொந்த வண்டியில் டயர் எங்கே நிற்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, குழுவின் முகப்புப் படத்திலேயே இருக்கிறது.

164 மீட்டர்கூட நிறையாத புக்கித் தீமாவைத்தான் மலை என்று சொல்லும் ஊரில் இப்படி ஒரு வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பழையதை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே என்பது அடுத்தது. வாங்கலாம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டும், சிறிய கார்களுக்கான பிரிவு ஏ-இல், 2023இல் 100,000 வெள்ளியைத் தாண்டியதை எல்லாரும் பார்த்தோம். 2018இல் அந்தச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டி இது, 2028 வரை ஓடும். வயதாகிவிட்டது என்பதற்காகச் சாலை வரியில் ஐம்பது விழுக்காடு கூடுதலாகக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். ஆனால் நான் இதை வைத்திருப்பது கணக்குப் பார்த்து அல்ல. கணக்குப் பார்த்தால் என்றைக்கோ எம்ஆர்டி ரயிலில் போயிருப்பேன். கஞ்சத்தனத்தால் நானே பழுது பார்க்கிறேன் என்ற கருத்தை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு கடக்க முடியவில்லை.

உண்மையில் என்னைத் தூங்கவிடாதது காணொளி அல்ல, அதற்குக் கீழே வந்த ஒரு வரி. "எவ்வளவுதான் படித்தாலும் சில குடும்பங்கள் பழைய தொழிலை விடாது" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மைகள் மூன்று. எழுதியவருக்கு என் அப்பாவைத் தெரியும். அப்பா செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் பிட்டராக, அதாவது இயந்திரப் பாகங்களைப் பொருத்துபவராகச் சேர்ந்து, அவர்கள் போன பிறகும் அதே கப்பல் பட்டறையில் ஓய்வு பெறும் வரை இருந்தவர். ஒரு நீண்ட திருப்புளியின் முனையைப் பம்பின் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொல்வார். பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் சொல்வார். பிரிப்பதற்கு முன் கேள் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் மேலே இத்தனை பத்திகளில் எழுதியிருக்கிறேன். அவர் விட்டுப்போன ஸ்பேனர்கள் அங்குல அளவுகள். என் ஜப்பானிய வண்டியின் நட்டுகளுக்குச் சரியாகப் பொருந்தாது. இருந்தாலும் போர்ச்சில் அந்தப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து பிழை தேடினால் அது பொறியியல், வண்டிக்கு அடியில் படுத்துப் பிழை தேடினால் அது பழைய தொழில். நல்லது.

பள்ளத்திலிருந்து வண்டியை வெளியே இழுத்தது யார் என்பதையும் காணொளி காட்டவில்லை, நாற்பதாவது விநாடியில் முடிந்துவிட்டது. இழுத்தவர் அந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் ஒருவர், தம்முடைய டிராக்டரால். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டு, குனிந்து சக்கரத்தைப் பார்த்து, "முன்னாடி சக்கரம் பூட்டலையே அண்ணே, குழாயைப் பாருங்க" என்றார். சனிக்கிழமை அங்கே நின்ற பதினான்கு பேரில் கோளாறைத் தேடியவர் அவர் ஒருவர்தான். அவருடைய கருத்துக்கு யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை, ஏனென்றால் அவர் அதை முகநூலில் எழுதவில்லை.

காணொளியை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, இருக்கட்டும். தலைப்பை மாற்றவும் வேண்டாம். ஆனால் அதைப் போட்ட அன்பர், போன வருடம் ஓர் இரவு பதினோரு மணிக்குப் ஜோகூரின் பாசிர் கூடாங்கில் பேட்டரி முனை கழன்று நின்றபோது, சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று நான் வந்து முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவிருக்கலாம். மறுபடியும் தளர்ந்தால் இருக்கட்டும் என்று அன்று அவர் கேட்டு வாங்கிக்கொண்ட 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் இன்னும் அவருடைய வண்டியில்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை எனக்குத் தேவைப்படுகிறது. அக்காள் வீட்டு முகவரி அவருக்குத் தெரியும்.