பல்லாவரம்: கல் எழும்பூரில், கம்பி எங்கள் மொட்டைமாடியில்

ஜமீன் பல்லாவரத்தில் என் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் ஒரு மாடி எழுப்பலாம் என்று வீடு கட்டும்போதே விட்டுவைத்தவை. இப்போது அவற்றில் கொடி கட்டி சித்தி துணி காயப்போடுகிறார். கல்யாணமான மகன் அனகாபுத்தூரில் வாடகைக்குப் போய்விட்டான். காரணம், பக்கத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் பெருங்கற்காலத்து ஈமக்காடு, அதாவது அந்தக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம்.

சட்டம் இதுதான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் வந்த திருத்தம் இதை இறுக்கிவிட்டது. சித்தப்பா அந்த 200-க்குள் மாட்டிக்கொண்டார். என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றுக்காக அவர் ஏறி இறங்கிய படிகளை அடுக்கினால் ஒரு மாடி என்ன, நாலு மாடியே எழுப்பியிருக்கலாம்.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சென்னையைச் சுற்றி மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சமும் பிளாட் போட்டு விற்கப்பட்டிருக்கும். என் ஆத்திரம் வேறு. எங்கள் ஊர்க்காரனுக்கு வரலாறு என்பது ஒரு தடை உத்தரவாக மட்டுமே வந்து சேர்கிறது. அந்த மண்ணில் என்ன கிடைத்தது என்று அவனிடம் யாரும் காட்டியதில்லை.

காட்டுவதற்கு எவ்வளவு இருக்கிறது! 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துப் பட்டாள மைதானத்துப் பக்கம் சரளைக்கல் குழி ஒன்றில் ஒரு கல்லைக் குனிந்து எடுக்கிறார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று. மனிதன் அவ்வளவு பழையவன் என்பதை ஐரோப்பிய அறிஞர்களே அதற்கு நான்கு வருடம் முன்புதான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அவர் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே கிடைத்த கருவிகளின் வயது இன்று சுமார் 15 லட்சம் ஆண்டு என்று கணிக்கிறார்கள். அந்தப் பெரிய கதைக்குப் பிள்ளையார் சுழி எங்கள் ஊரில் போட்டது. ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்த வெள்ளைக்காரன் குழி தோண்டறதுக்கு என்.ஓ.சி. வாங்கினானாடா?" என்றார்.

அதே மண்ணில்தான் 1880-களில் அலெக்சாண்டர் ரீ இறந்தவர்களை வைத்துப் புதைத்த, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றும் இங்கே உண்டு, இப்போது தர்காவாக இருக்கிறது. பல்லவபுரம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

மலைகளையும் சொல்ல வேண்டும். திரிசூலம், பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் ஒரே வகைக் கருங்கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான் என்று பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இந்தப் பாறைக்கே ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். கல் எங்கள் பக்கத்தது, பெயர் கல்கத்தாக்காரருடையது. உலகத்து நிலவியல் புத்தகங்களில் எல்லாம் இந்தப் பெயர் இருக்கிறது. நாங்கள் பார்த்ததென்னவோ குவாரிப் பள்ளங்களையும் அதில் தேங்கிய பச்சைத் தண்ணீரையும்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை மறைமலை அடிகளுடையது. அப்போது அவர் பெயர் வேதாசலம். கிறித்தவக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு 1911-ல் பல்லாவரத்துக்குக் குடிவந்தார். 1916-ல் மகள் நீலாம்பிகையோடு பேசிக்கொண்டிருக்கும்போது வள்ளலார் பாட்டு ஒன்று வருகிறது. அதில் ‘தேகம்’ என்று வரும் இடத்தில் ‘யாக்கை’ என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்கிறார் அப்பா. மகள் பிடித்துக்கொள்கிறாள். தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய இடம் அதுதான். மாநாடு கூட்டி, தீர்மானம் போட்டு வந்ததல்ல. ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் பேசிய பேச்சில் வந்தது. நாம் இன்று ‘நமஸ்காரம்’ என்று சொல்லாமல் ‘வணக்கம்’ என்று சொல்வதில் அந்தப் பேச்சுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவர் விட்டுவந்த கல்லூரி 1937-ல் அவரையும் தாண்டித் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது தனி வேடிக்கை. 1950-ல் அவர் மறைந்த பிறகு அவருடைய புத்தகங்கள் அவர் பெயரிலேயே நூலகமாகிப் பட்டணத்துக்குப் போய்விட்டன. கோடரி போன வழியே புத்தகமும்.

தனித்தமிழ் பிறந்த ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் பெயர் என்ன தெரியுமா? குரோம்பேட்டை. குரோமியம் உப்பு போட்டுத் தோல் பதனிட்ட சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். என் தாத்தா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். சட்டையைக் கழற்றினாலும் போகாத அந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, பல கிணறுகளைக் கெடுத்தது. 1996-ல் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் பெயர் வந்த மாவட்டங்களில் எங்கள் செங்கை மாவட்டமும் இருந்தது. பெரிய ஏரி கதை இன்னும் மோசம். குப்பை கொட்டினோம், போதாதென்று நடுவே துரைப்பாக்கத்துக்கு 200 அடி ரோடு போட்டு இரண்டாகப் பிளந்தோம். அந்த ஏரிக்கு எத்தனை மீட்டர் பாதுகாப்பு என்று எந்த அதிகாரியும் சித்தப்பாவை நிறுத்திக் கேட்கவில்லை.

2021-லிருந்து நாங்கள் தாம்பரம் மாநகராட்சி. கன்டோன்மென்ட் பக்கம் மட்டும் தனி. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவர்களுக்கு நாங்கள் ஒரு மேம்பாலம், அவ்வளவுதான். 2020-ல் அது திறந்த பிறகு சிக்னலில் நின்று ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்கும் வேலையும் பலருக்கு மிச்சம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஈமக்காட்டில் உண்மையில் மிஞ்சியிருப்பது எது என்று ஒழுங்காக அளந்து, அதற்கு வேலி போட்டு, பலகை வையுங்கள். ஏற்கெனவே வீடாகிவிட்ட தெருக்களுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள், ‘முடியாது’ என்பதாக இருந்தாலும் சரி. எழும்பூரிலிருந்து ஒரு பத்துக் கற்களையாவது கொண்டுவந்து இங்கே ஓர் அறையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பழைய ஃபேனும் புறாவும் வாங்க வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவர் எட்டிப் பார்த்தாலும் அந்த அறை நிறைந்துவிடும்.

போன வாரம் சித்தப்பா அந்தக் கம்பிகளுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். "அனுமதி வந்துட்டா?" என்றார்.