விதி கிடையாதாம்!

மூன்று நாளாகிறது, இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. கதை எழுதும் பட்டறைக்குப் போயிருந்தேன். மாயக்கதைகளில் வரும் சக்திகளை, அவை எப்படிக் கூடுகின்றன, எப்படிக் குறைகின்றன என்று வகை பிரிக்கும் வகுப்பு. பலகையில் நான்கு கட்டம். பயிற்சியால் வளர்வது, பயன்படுத்தினால் தீர்வது, பொருளில் அடைபட்டிருப்பது. சரி, நன்றாகத்தானே போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். நான்காவது கட்டத்தில் வகுப்பெடுத்தவர் எழுதினார் பாருங்கள்: 'புராணம். கடவுள் கொடுத்தது. விதி கிடையாது.'

விதி கிடையாதா? அந்தச் சக்திகளுக்குக் கட்டுப்பாடே இல்லையா?

எழுந்து நின்றேன். விசுவாமித்திரரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "அதுவும் நாலாவதுதான் சார்" என்றார். அவருக்கு யார் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள்? ஆண்டுக்கணக்கில் தவமிருந்து சேர்க்கிறார். திரிசங்குவுக்குத் தனிச் சொர்க்கம் படைத்துச் செலவழிக்கிறார். மறுபடி சேர்க்கிறார். மேனகை வருகிறாள், போய்விடுகிறது. மறுபடி சேர்க்கிறார். கோபத்தில் ரம்பையைக் கல்லாகச் சபிக்கிறார், அந்த ஒரு சாபத்தில் அத்தனை தவமும் கரைகிறது. மளிகைக்கடைக் கணக்கு நோட்டில்கூட வரவு செலவு இவ்வளவு சுத்தமாக இருக்காது!

"நேரமாகிறது சார்" என்றார். விடவில்லை. கர்ணன் என்றேன். கவசகுண்டலத்தை உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம். ஒரே ஒரு முறைதான் விடலாம். அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை 14-ஆம் நாள் இரவு கடோத்கசன் மேல் விடவேண்டியதாகிவிட்டது. அந்த ஒரு நிபந்தனைதானே அவன் முடிவையே தீர்மானிக்கிறது? "கடவுள் கொடுத்ததுதானே சார்" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அசுவத்தாமனைச் சொல்லவே விடவில்லை. அவன் விட்ட அஸ்திரத்தைத்தான் அர்ஜுனனும் விடுகிறான். அர்ஜுனனால் திருப்பி அழைக்க முடிகிறது, இவனால் முடியவில்லை. ஏவ மந்திரம் போதும், திரும்ப வாங்கப் புலனடக்கம் வேண்டும். இதைத் தாங்க எந்தக் கட்டம் இருக்கிறது அந்தப் பலகையில்? கம்பனில் வாலிக்கு, எதிரே வந்து நிற்பவனின் பலத்தில் பாதி வந்து சேரும். கண்ணகி ஏவிய தீகூட மதுரையைக் கண்டபடி எரிக்கவில்லை. முதியவரை, குழந்தைகளை, பசுக்களை எல்லாம் விட்டுவிடச் சொல்லித்தானே அனுப்புகிறாள்?

எல்லாவற்றையும்விட வயிறு எரிந்தது எதற்குத் தெரியுமா? சுற்றியிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் 'விதி கிடையாது' என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டாள். அவள் நோட்டைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிடலாமா என்றிருந்தது.

அப்புறம் இன்னொன்று. 600 ரூபாய் கட்டணத்தில் மதியச் சாப்பாடும் சேர்த்தி என்றார்கள். நான் பேசி முடித்துவிட்டுப் போனால் ரசம்கூட இல்லை. வெறும் மோர்தான் கிடைத்தது, அதிலும் உப்பில்லை.