இம்பீரியலைச் சாய்த்தது நிலநடுக்கம் இல்லை

டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் என்றாலே எல்லாரும் 1923 செப்டம்பர் 1-இல்தான் ஆரம்பிப்பார்கள். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த கட்டடத்துக்கு அன்றைக்குத்தான் திறப்பு விழா. அன்றே பெரும் நிலநடுக்கம். ஊரே விழுந்தது, ஹோட்டல் மட்டும் கீறல் இல்லாமல் நின்றது என்பது கதை. நின்றது வாஸ்தவம். ஆனால் சேதம் இருந்தது, அதே ஆட்டத்தில் தாக்குப்பிடித்த வேறு கட்டடங்களும் இருந்தன.

அஸ்திவாரத்தைப் பாருங்கள். மேலே சுமார் 8 அடிக்குக் கொஞ்சம் கெட்டியான மண். அதன் கீழே 60 அடிக்குக் குறையாத சேறு. கெட்டித் தரை வரை பைல் (மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண்) இறக்காமல், மேல்மண்ணிலேயே குட்டையான கான்கிரீட் பைல்களை நெருக்கி நெருக்கிப் போட்டார் ரைட். சேற்றின் மேல் கட்டடம் கப்பல் மாதிரி மிதக்கும், ஆட்டத்தைச் சேறு வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. ஆனால் இளகிய மண் ஆட்டத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது. கட்டடமும் ஒரே சீராக இறங்கவில்லை, சில இடங்களில் ஒரு மீட்டருக்கு மேல் புதைந்தது. அன்று கைகொடுத்தவை வேறு: துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டி நடுவில் விட்ட இடைவெளிகள், அடியில் தடித்து மேலே போகப்போக மெலியும் சுவர்கள், ஓட்டுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டுக் கூரை.

அலங்காரமெல்லாம் ஓயா கல்லில். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான கல் அது. உளிக்குச் சுலபமாக இணங்கும், தண்ணீரையும் அதே சுலபத்தில் உறிஞ்சும். நகரத்து மழையிலும் புகையிலும் செதுக்கின விளிம்புகள்தான் முதலில் உதிரும்.

1967-இல் இடிப்பை நியாயப்படுத்தியவர்களுக்கு இவையெல்லாம் வசதியான காரணங்களாகிவிட்டன. என் கணிப்பில் ஹோட்டலைச் சாய்த்தது எஃப்.எஸ்.ஐ. கணக்குதான், அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்கிற விகிதம். டோக்கியோவில் அதுவரை 31 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. 1963-இல் சட்டத்தைத் திருத்தி, உயரத்துக்குப் பதிலாக இந்தத் தளப்பரப்பு விகிதத்தைக் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். 1968-இல் 36 மாடி கசுமிகசெகி கட்டடம் எழுந்தது. ஹிபியா பூங்காவுக்கு எதிரே, அந்த விலை போகிற மனையில், தாழ்வாகப் பரந்து கிடக்கும் ஒரு ஹோட்டலை எந்த நிர்வாகம் விட்டுவைக்கும்? 1970-இல் அங்கே 17 மாடி நின்றது.

மிஞ்சியது நுழைவாயிலும் லாபியும். நகோயா பக்கம் இனுயாமாவில் உள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வெளிப்புறம் முடிய 1976 ஆனது, உட்புறம் முடிய 1985. அரித்துப்போன ஓயா கற்களுக்குப் பதில் பல இடங்களில் பிரீகாஸ்ட் (முன்பே அச்சில் வார்த்த) கான்கிரீட். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அறைகளும், விருந்து மண்டபமும், எதிரே பூங்காவும் இல்லாத லாபியை ஹோட்டல் என்று எப்படிச் சொல்வது?

அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் யோஷிரோ தனிகுச்சி, கட்டடக் கலைஞர். 1962-இல் அவர் லாபி அமைத்த ஓகுரா ஹோட்டலின் பிரதான கட்டடத்தையும் 2015-இல் இடித்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தும் நிற்கவில்லை. 2019-இல் புது கோபுரத்துக்குள் அதே லாபியை மறுபடி அமைத்தவர் அவர் மகன் யோஷியோ. தொங்கும் விளக்குகள், பூவிதழ் போல நாற்காலிகள் சுற்றிய மேஜைகள் எல்லாம் அச்சு அசல். இனுயாமாவுக்குத் தூக்கிப் போனதைவிட இது தேவலை. அப்போதும் தப்பித்தது அறைகலன்தான், கட்டடம் இல்லை.

வழியே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதே ஊரில் 1914-இல் கட்டிய டோக்கியோ ரயில் நிலையத்தின் மருனோச்சி பக்கக் கட்டடம் இடிபடவில்லை. அதன் தலைக்கு மேல் கட்டாமல் விட்ட தளப்பரப்பு உரிமையைச் சுற்றியுள்ள கோபுரங்களுக்கு விற்றார்கள். அந்தக் காசில் போரில் இழந்த மூன்றாம் மாடியையும் குவிமாடங்களையும் திரும்பக் கட்டி 2012-இல் முடித்தார்கள். அதற்கு வழிவிட்ட விதி வந்தது 2000-த்துக்குப் பிறகு. இம்பீரியலுக்கு அது கிடைக்கவில்லை. ஓகுரா இடிந்தபோது அந்த விதி புழக்கத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால்தான் 1967 இடிப்பைவிட 2015 இடிப்பின் மேல் எனக்குக் கோபம் அதிகம்.